கப்பல் காலை 7 மணிக்கு சிங்கப்பூர் வந்துவிடும், 10.30 விமானத்தைப் பிடிக்கலாமா?

நாகர்கோவிலிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூரில் கப்பல் ஏறி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் பார்த்துவிட்டு நான்கு இரவு கழித்துத் திரும்புகிறார்கள். இறங்கிய அன்றே காலை விமானத்தில் ஊருக்கு அனுப்பலாமா என்பது கேள்வி.

வேண்டாம். மதியம் 1 மணிக்கு முன்னால் கிளம்பும் எந்த விமானத்துக்கும் டிக்கெட் போடாதீர்கள். இருவரும் துணையில்லாமல் வருகிறார்கள் என்றால் 3 மணிக்கு மேல் பாருங்கள்.

நான் தக்கலைக்காரன். ஏழு வருடம் பயணிகள் கப்பலில் கேபின் சுத்தம் செய்யும் வேலை பார்த்தேன். பயணம் முடியும் காலை எப்படி இருக்கும் என்று உள்ளே நின்று பார்த்தவன். 7 மணி என்பது கப்பல் கரையில் கட்டும் நேரம், ஆள் இறங்கும் நேரம் இல்லை. விவேகானந்தர் பாறைக்குப் போயிருப்பீர்கள் அல்லவா? படகில் இருப்பது சில நிமிடம்தான். சபரிமலை சீசனில் படகுத்துறை வரிசையில் நிற்பதுதான் மணிக்கணக்கு. கப்பலிலும் அதே கதைதான்.

முந்தின ராத்திரி ஒவ்வொரு கேபினுக்கும் நிறமோ எண்ணோ போட்ட அட்டை கொடுப்பார்கள். அதைப் பெரிய பெட்டியில் கட்டி, 11, 12 மணிக்குள் கதவுக்கு வெளியே வைக்க வேண்டும். நாங்கள் அதையெல்லாம் சேகரித்துக் கீழ்த்தளத்துக்கு அனுப்புவோம். காலையில் இரும்புக் கூண்டுகளில் அடுக்கி ஃபோர்க்லிஃப்ட் வைத்துக் கரையில் இறக்குவார்கள். துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்த பிறகுதான் பயணிகள் இறங்க முடியும். அதுவும் அட்டை வரிசைப்படிதான். கடைசி வரிசை கிடைத்தால் 9.30, 10 கூட ஆகும். அப்புறம் பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவு வரிசை, பெட்டி தேடுவது, டாக்சி வரிசை என்று ஒவ்வொன்றாக இருக்கிறது.

பெட்டியை ராத்திரி ஒப்படைக்காமல் தாங்களே தூக்கிக்கொண்டு இறங்குகிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் முதலிலேயே விடுவார்கள். இளவட்டத்துக்கு அது நல்ல வழி. உங்கள் பெற்றோருக்கு நான் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் லிஃப்ட் கிடைப்பதே பாடு. நடக்கச் சிரமம் என்றால் சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மருந்து, பாஸ்போர்ட், கண்ணாடி, காலையில் உடுத்த வேண்டிய துணி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். வேலையை விட்ட பிறகு என் அப்பாவையும் அம்மாவையும் இதே வழியில் கூட்டிப் போனேன். அப்பா பிரஷர் மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைத்து மூடியதை நான் கவனிக்கவில்லை. காலையில் பெட்டி கரையில், நாங்கள் மேலே. இரண்டரை மணி நேரம் மாத்திரை இல்லாமல் உட்கார்ந்திருந்தவர், குடிநுழைவு வரிசையில் தலை சுற்றுகிறது என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். பெட்டி கைக்கு வந்து மாத்திரை போடும் வரை என் உயிர் என்னிடம் இல்லை.

கப்பலில் செலவான கணக்கையும் முந்தின நாள் சாயங்காலமே பார்த்து முடித்துவிடச் சொல்லுங்கள். காலையில் வரவேற்பு மேசையில் நீளமான வரிசை நிற்கும். புக்கெட் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். செல்போன் தானாக மாறி, பிறகு நடுக்கடலில் சிக்னல் இல்லாமல் அப்படியே நின்றுவிடலாம். அதனால் அலாரத்தைக் கப்பல் கடிகாரம் பார்த்து வைக்க வேண்டும்.

விசா விஷயம் இன்னும் முக்கியம். பினாங்கு போய்த் திரும்பினால் அது சிங்கப்பூருக்குள் இரண்டாவது நுழைவு. விசாவில் பல நுழைவு அனுமதி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையையும் திரும்பி வரும்போது மறுபடி நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் செய்வது. அரசுத் தளத்தில் இலவசம், காசு கேட்கும் தளம் என்றால் அது வேறு யாரோ. கப்பல் இணையத்துக்குக் காசு அதிகம் என்பதால் ஊரிலிருந்தே நீங்கள் நிரப்பிக் கொடுத்துவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு சாலைப் பயணம் ஒன்றுமே இல்லை. மரினா பே கப்பல் முனையத்திலிருந்து சாங்கி விமான நிலையம் இருபது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். டாக்சியில் அரை மணி நேரம் போதும். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் தாண்டுவதற்குள் நாம் படும் பாட்டோடு ஒப்பிட்டால் சுகமான பயணம். வார நாளில் காலை 9.30 மணி வரை மீட்டரில் 25 சதவீதம் கூடுதலாக வாங்குவார்கள், பரவாயில்லை. பக்கத்தில் மரினா சவுத் பியர் என்ற எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் இருக்கிறது. ஆனால் சாங்கிக்கு இரண்டு இடத்தில் ரயில் மாற வேண்டும், பெட்டியோடு அவர்களை அலைய விடாதீர்கள்.

சீக்கிரம் போய்விட்டால் என்ன செய்வது என்று கவலை வேண்டாம். சாங்கியில் பெட்டியைக் கட்டணத்துக்கு வைத்துவிட்டு ஜுவல் கட்டடத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். என் அம்மா திற்பரப்பு போல இல்லை என்றுதான் சொன்னாள், ஆனாலும் அங்கிருந்து எழுந்து வர மனமில்லை.

சில கப்பல்கள் மரினா பேயில் இல்லாமல் ஹார்பர்ஃபிரன்ட் முனையத்தில் கட்டும். டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துக் கீழே எழுதுங்கள், அங்கிருந்து போகும் வழியையும் சொல்கிறேன்.