1978 யாங்கீஸ் - ரெட் சாக்ஸ் பேஸ்பால் மேட்ச்ச பாஸ்டன்காரங்க ஏன் இன்னும் மறக்கல?

மறக்குற மாதிரியா தோத்தாங்க! அந்த வருஷம் ஜூலைல பாஸ்டன் டீமான ரெட் சாக்ஸவிட நியூயார்க் டீமான யாங்கீஸ் டேபிள்ல 14 கேம் பின்னாடி இருந்தாங்க, அப்புறம் செப்டம்பர்ல பாஸ்டனுக்கே வந்து நாலு மேட்ச்சும் அடிச்சு லெவல் பண்ணிட்டாங்க. ரெட் சாக்ஸும் விடல, கடைசி எட்டு மேட்ச்சும் ஜெயிச்சு ரெண்டு டீமும் 99 வெற்றில நின்னதால அக்டோபர் 2 அன்னைக்கு பாஸ்டனோட சொந்த கிரவுண்டு ஃபென்வே பார்க்ல, யாரு முதலிடம்னு முடிவு பண்ண எக்ஸ்ட்ராவா ஒரே ஒரு மேட்ச்.

ஏழாவது இன்னிங்ஸ் வரை பாஸ்டன் 2-0 லீட். அப்போ வந்தது யாங்கீஸோட பக்கி டென்ட், அதுவரை சீசன் முழுக்க நாலே ஹோம் ரன் (பால் சுவர தாண்டிப் போற அடி) அடிச்ச ஆளு. ஒரு பால் கால்லயே பட்டு வலில நொண்டுறாரு, அந்த கேப்ல பேட்ட மாத்திட்டு வந்து அடுத்த பாலையே தூக்கி ஹோம் ரன் அடிச்சாரு, ஏற்கனவே ரெண்டு பேர் பேஸ்ல இருந்ததால அவங்களையும் சேர்த்து 3 ரன். இதுல ஒண்ணு, அங்க லெஃப்ட் ஃபீல்ட் (மைதானத்தோட இடது பக்கம்) சுவர் 37 அடி உயரம், ஆனா ரொம்ப கிட்ட இருக்கும், வேற கிரவுண்டுனா அது கேட்ச் ஆகியிருக்கும்னு நிறைய பேர் சொல்வாங்க, எனக்கும் அப்படித்தான் தோணுது.

கடைசில 5-4, யாங்கீஸ் வெற்றி. கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதுல ரெண்டு பேர் பேஸ்ல நிக்க, பாஸ்டனோட பெரிய தலை யாஸ்ட்ரெம்ஸ்கியே கேட்ச் குடுத்து அவுட்.