மகள் நிலவியல் கேட்கிறாள், சேர்த்துவிடுங்கள்

மகள் நிலவியல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதாகவும், அவள் மாமா கணினிப் பொறியியலை விட்டால் எதிர்காலமே இல்லை என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது, அம்மா. ஆனால் பிடிக்காத வகுப்பில் நான்கு வருடம் உட்காரப்போவது மாமா அல்ல. கணினிப் படிப்பைப் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் நிலவியலின் ஒரு கிளையான வாயுப் புவிவேதியியலைப் பற்றிச் சொல்கிறேன்; பூமிக்கடியில் இருக்கும் வாயு எங்கிருந்து வந்தது என்று துப்பறியும் வேலை அது.

பூமிக்கடியில் கிடைக்கும் மீத்தேன் எல்லாம் ஒரே வழியில் உண்டானதல்ல. அதிகம் சூடேறாத படிவுகளில் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது ஒரு வகை. புதைந்த கரிமப் பொருள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் சிதைந்து வருவது இன்னொன்று. நெதர்லாந்தில் 1959-இல் கண்டுபிடித்த குரோனிங்கன் எரிவாயு வயலின் வாயு இந்த இரண்டாவது வகை; அதற்கடியில் கிடக்கும் நிலக்கரிப் படிவுகளில் பிறந்தது. எரித்துப் பார்த்தால் இரண்டு வகைக்கும் வித்தியாசம் தெரியாது. அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில், கார்பனின் கனமான வகையான கார்பன் 13-ஐயும் லேசான வகையான கார்பன் 12-ஐயும் ஒப்பிட்டால் தெரியும். கார்பன் 13, ஒப்புத்தரத்தைவிட ஆயிரத்துக்கு 60-க்கும் மேல் குறைந்திருந்தால் பெரும்பாலும் நுண்ணுயிர்களின் கைவரிசைதான்.

கார்பன் டை ஆக்சைடு இன்னும் சிக்கல். சுண்ணாம்புக்கல் வெந்து வந்தாலும் மாக்மாவிலிருந்து கசிந்தாலும் அதன் கார்பன் விகிதம் கிட்டத்தட்ட பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அப்போது ஹீலியம் 3 அளவையும் பார்ப்பார்கள்; பூமியின் ஆழத்திலிருந்து வரும் வாயுவில்தான் ஹீலியத்தின் இந்த லேசான வகை அதிகம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள பிராவோ டோம் என்ற கார்பன் டை ஆக்சைடு வயலில் இருக்கும் வாயு, பூமியின் மேலோட்டுக்கு அடியில் உள்ள கவசப் பகுதியிலிருந்து வந்தது என்பதற்கு ஹீலியம்தான் சாட்சி.

சரி, வேலை? எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுபவர்களுக்கு இதைப் படித்த ஆள் வேண்டும். வடகடலின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் கார்பன் டை ஆக்சைடைக் கடலடிப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். இப்படிப் புதைக்கும் இடங்களில் மேலே வாயு தென்பட்டால், அது புதைத்ததா, முன்பே மண்ணில் இருந்ததா என்று யாராவது சொல்லியாக வேண்டும். குடிநீர்க் கிணற்றில் மீத்தேன் வந்தாலும் இதே வழக்குதான்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். 'பெட்ரோலியம்' என்று பெயர் வைத்த காஸ்ட்லியான படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். எண்ணெய் விலை சரிந்தால் ஆளெடுப்பு நின்றுவிடும், கடன் தவணை நிற்காது. இளங்கலையில் நிலவியல், கூடவே வேதியியல், அப்புறம் முதுகலை. இளங்கலையோடு நிறுத்தினால் இந்தத் துறையில் இடம் கிடைப்பது கஷ்டம், அதையும் மறைக்கவில்லை.

சேரும் முன் துறைக்கு நேரில் போய், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறதா, மாணவர்களைக் கை வைக்க விடுவார்களா என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கவைத்துக் காட்டி அனுப்பினால், வேறு கல்லூரி பாருங்கள்.