கோதோவின் மரம் எவ்வளவு பருமன்?

கே: எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். நவீன நாடகத் தாளில் சாமுவேல் பெக்கெட்டின் 'வெயிட்டிங் ஃபார் கோதோ' பாடம். நாடகத்தோடு ஓர் ஓவியம், ஒரு மேடைப்பொருள், ஓர் உடை மூன்றையும் சேர்த்துப் பார்த்துக் கட்டுரை எழுதச் சொல்கிறார் பேராசிரியை. இரண்டு தடவை படித்தும் நாடகமே பிடிபடவில்லை. இதில் இதெல்லாம் எதற்கு?
(வாசகி, தஞ்சாவூர்)

ப: பிடிபடவில்லை என்பதால்தான் அம்மா.

விளாதிமிர், எஸ்ட்ரகன் என்ற இரண்டு நாடோடிகள், வராத கோதோவுக்காக ஒரு மரத்தடியில் காத்திருக்கும் நாடகம் இது. கல்லூரி நாட்களில் இதற்கு மரம் செய்தவன் நான். 'நாட்டுப்புறச் சாலை. ஒரு மரம். மாலை.' மேடைக்கான முதல் குறிப்பு அவ்வளவுதான். நானும் யோசிக்கவில்லை. ஹாஸ்டலுக்குப் பின்னால் வேம்பில் தொடைப் பருமனுக்கு ஒரு கிளையை வெட்டி, இலையை உருவி, பாதி டிரம்மில் மணலைக் கொட்டி நட்டேன். இரண்டாம் அங்கத்தில் மரத்தில் நாலைந்து இலை வந்திருக்க வேண்டும். காலையில் உருவியதில் கொஞ்சம் எடுத்து வைத்து, இடைவேளையில் நூலால் கட்டினேன். விளக்குச் சூட்டில் அவை சுருண்டு தொங்கின. நேற்று மொட்டையாக நின்ற மரம் இன்று இலை விட்டிருக்கிறதே என்று விளாதிமிர் வியந்ததும் பின்வரிசையில் ஒரே சிரிப்பு.

இலையை விடுங்கள். அதைவிடப் பெரிய தப்பு பல வருஷம் கழித்து ஒரு புகைப்படத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. 1961-ல் பாரிஸ் ஓதியோன் அரங்கில் இந்த நாடகத்தை மறுபடி போட்டபோது மரத்தைச் செய்தவர் சிற்பி அல்பெர்தோ ஜியாகோமெட்டி. பிளாஸ்டரில், ஈர்க்குச்சி போல ஒன்று. பெக்கெட்டும் அவரும் ஓர் இரவு முழுக்க அதை இன்னும் மெலிசாக்கு, கிளையை இன்னும் சன்னமாக்கு என்று மல்லுக்கட்டியிருக்கிறார்கள். இருவருக்கும் கடைசிவரை திருப்தியில்லை.

ஒரு மரத்துக்கு இவ்வளவு பாடா என்று பிரதியைத் திறந்தேன். விளாதிமிரும் எஸ்ட்ரகனும் தூக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று பேசும் இடத்தில் எஸ்ட்ரகனுக்கு ஒரு கணக்கு: தான் ஒல்லி, கிளை தாங்கும், தான் செத்துவிடலாம்; விளாதிமிர் கனம், கிளை முறியும், அவன் தனியாகிவிடுவான். தாங்குமா தாங்காதா என்று பார்க்கிற நமக்கும் சந்தேகம் வந்தால்தான் அந்தப் பேச்சுக்கு உயிர். என் வேம்பிலோ தொட்டிலே கட்டலாம்! இரண்டாம் அங்கத்தில் எஸ்ட்ரகன் மரத்தின் பின்னால் ஒளியப் பார்த்து, முடியாமல் வெளியே வருவான்; இந்த மரத்தால் நமக்கொரு பிரயோஜனமும் இல்லை என்று விளாதிமிர் அலுத்துக்கொள்வான். எங்கள் எஸ்ட்ரகனோ என் வேம்பின் பின்னால் அழகாக மறைந்துபோனான்.

இந்த இரண்டு இடத்தையும் பத்துத் தடவையாவது படித்தவன் நான். புகைப்படம் பார்க்கும்வரை கண்ணில் படவே இல்லை. உங்கள் பேராசிரியை கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். 1953 ஜனவரியில் பாரிஸ் பாபிலோன் அரங்கில் ரோஜே பிளான் முதன்முதலாக அரங்கேற்றியபோது, கையில் காசில்லாமல், சட்டை மாட்டும் கம்பிகளில் காகிதம் சுற்றித்தான் மரம் செய்தார்கள். தரித்திரம் அவர்களைச் சரியான பருமனில் நிறுத்திவிட்டது.

உடைக்கு 1975-க்குப் போங்கள். பெர்லின் ஷில்லர் அரங்கில் பெக்கெட்டே இயக்கினார். விளாதிமிர், எஸ்ட்ரகன் இரண்டு பேருக்குமாக இரண்டு சூட்டைக் கலைத்துப் போட்டார். முதல் அங்கத்தில் கால்சட்டை அவரவருடையது, கோட்டு மற்றவனுடையது. ஒருவனுக்குச் சின்னது, ஒருவனுக்குத் தொளதொள. இரண்டாம் அங்கத்தில் இது அப்படியே தலைகீழ். நாடகப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி கிடையாது. எழுதி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்து எழுதியவரே சேர்த்த வரியாக அதைப் படியுங்கள்.

கே: அந்த ஓவியம் எது? அதன் பொருள்தான் நாடகத்தின் பொருளா?
(வாசகர், மதுரை)

ப: காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ் வரைந்த 'நிலவைப் பார்க்கும் இரண்டு ஆண்கள்'. டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1936-37-ல் ஜெர்மனி முழுக்க ஓவியக்கூடங்களைச் சுற்றிய பெக்கெட் அதைப் பார்த்திருக்கிறார். பிறகு 1975-ல் பெர்லினில், அதே ஓவியர் ஓர் ஆணையும் பெண்ணையும் வைத்து வரைந்த இன்னொரு நிலவுப் படத்தின் முன் நின்று, கோதோ பிறந்தது இங்கேதான் என்று ரூபி கோன் என்ற ஆய்வாளரிடம் சொன்னார். எந்த நிலவு என்று ஆய்வாளர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், சுகமான சண்டை.

பொருளை அங்கே தேடாதீர்கள். இருவரின் முதுகும் வேர் பெயர்ந்த மரமும் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். பிறகு ஒவ்வோர் அங்கத்தின் முடிவிலும் சட்டென்று இருட்டி, நிலா ஏறி அசையாமல் நிற்கும் மேடைக்குறிப்பைப் படியுங்கள். படம் மாதக் காலண்டர் அளவுதான். அச்சில் பெரிதாகப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கே: எதை முதலில் பார்ப்பது?
(வாசகி, திருநெல்வேலி)

ப: பிரதியைத்தான். படம் பார்க்கும்போது ஓரத்தில் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜியாகோமெட்டியின் மரத்தை மனதில் வைத்து பெக்கெட் எழுதினார் என்று விடைத்தாளில் எழுதுகிறவர்கள் உண்டு. நாடகத்தை அவர் எழுதியது 1948-49-ல்.

கே: ஜியாகோமெட்டியின் மரத்தை எங்கே பார்க்கலாம்?
(அதே மதுரை வாசகர்)

ப: பார்க்க முடியாது. தொலைந்துவிட்டது, புகைப்படங்கள்தான் மிச்சம். கிடைத்தால் கிளையைப் பாருங்கள், கயிறு போட இடமிருக்கிறதா என்று. அவர்களிடம் இருந்தது எஸ்ட்ரகனின் இடுப்புக் கயிறு. அதையும் இரண்டு பேருமாக இழுத்துப் பார்த்ததில் அறுந்துவிட்டது.