வாசகர் கேள்வி பதில்: பச்சையெல்லாம் உயிர்தானா?

கேள்வி: வள்ளியூர் பக்கத் தோட்டத்து முருங்கைப் பூவின் மகரந்தம் உயிருள்ளதா என்று அறிய, எஃப்.டி.ஏ. (ஃப்ளோரசீன் டைஅசிடேட்) சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்க்கிறேன். உயிருள்ளது பச்சையாக ஒளிர வேண்டும். சூட்டில் கொன்ற மகரந்தமும் பச்சையாகத் தெரிகிறதே, ஏன்?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: அது சாயத்தின் பச்சையாக இருக்காது. நீல ஒளி பட்டால் மகரந்தத்தின் வெளிச்சுவர் தானாகவே மங்கலாக ஒளிரும். விளிம்பு மட்டும் வளையமாகத் தெரியும். உயிருள்ளதில் உட்புறம் முழுக்கப் பளிச்சென்று நிறைந்திருக்கும். சாயமே போடாத ஒரு சிலைடை வைத்து, அந்த வளையம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை கேமராவின் எக்ஸ்போஷரை (ஒளி வாங்கும் நேரத்தை) குறையுங்கள். பிறகு அதில் கை வைக்காமல் மற்ற சிலைடுகளைப் பாருங்கள்.

எஃப்.டி.ஏ.வுக்குச் சொந்த ஒளி கிடையாது. செல்லுக்குள் போனதும் எஸ்டரேஸ் நொதி அதை வெட்டி, பச்சையாக ஒளிரும் ஃப்ளோரசீனாக்கும். சவ்வு பழுதில்லாமல் இருந்தால்தான் அது உள்ளே தங்கும். ஆக, நொதி, சவ்வு இரண்டையும் ஒருசேரச் சோதிக்கிறோம்.

2 மி.கி. எஃப்.டி.ஏ.வை 1 மி.லி. அசிட்டோனில் கரைத்து, இருட்டில் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். கண்ணாடிக் குப்பிதான் நல்லது. பாலிஸ்டைரீன் குழாயை அசிட்டோன் இளக்கிவிடும். 10 சதவீத சர்க்கரைக் கரைசலில் இதைச் சொட்டுச் சொட்டாக விட்டு, லேசாகப் பால்போல் கலங்கியதும் நிறுத்துங்கள். அரை மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் சாயம் தானாகவே சிதைந்து பின்னணி பச்சையாகிவிடும். சிலைடை ஈர வடிதாள் விரித்த மூடிய பெட்ரி தட்டில், இருட்டில் 10 நிமிடம் வைத்துவிட்டு உடனே எண்ணுங்கள். தாமதித்தால் சாயம் கசிந்துவிடும். குறைந்தது 200 மகரந்தமாவது எண்ணுங்கள்.

மகரந்தம் வெடித்தால் சர்க்கரை போதவில்லை என்று பொருள். 15 சதவீதமாக்கிப் பாருங்கள்.

நம் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் இன்னொரு சிக்கல் உண்டு. காய்ந்துபோன மகரந்தத்தை நேரே கரைசலில் போட்டால் சவ்வு ஒழுகி, உயிருள்ளதும் செத்ததுபோல் காட்டும். முதலில் அரை மணி நேரம் ஈரக்காற்றில் வையுங்கள். பூவைக் காகித உறையில் எடுத்துவாருங்கள். பாலிதீன் பைக்குள் வியர்த்து வீணாகும்.

கேள்வி: ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களுக்குக் கால்சீன் ஏ.எம். (எஃப்.டி.ஏ. போலவே உயிருள்ள செல்லைப் பச்சையாகக் காட்டும் சாயம்) போட்டால் பின்னணியே பச்சையாகிறது. சாயம் கெட்டுவிட்டதா?
– ஆய்வு மாணவர், தென்காசி

பதில்: பெரும்பாலும் வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் சீரம்தான் காரணம். அதிலுள்ள எஸ்டரேஸ்கள் சாயத்தை வெளியிலேயே வெட்டிவிடும். பி.பி.எஸ்.ஸில் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) இரண்டு முறை கழுவிவிட்டுப் போடுங்கள். ஃபார்மலினில் பதப்படுத்திய செல்களுக்கு இந்தச் சோதனையே செல்லாது.