நட்சத்திர அட்டையைக் கழற்றிய ஞாயிறு

கேள்வி: ஞாயிறு பள்ளியில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் 14 பேருக்கு வகுப்பு எடுக்கிறேன். பள்ளிக்கூடம் மாதிரி இங்கேயும் தேர்வு, மதிப்பெண், முன்னேற்ற அறிக்கை எல்லாம் வேண்டும் என்கிறார் எங்கள் சபை மூப்பர். விசுவாசத்துக்கு மார்க் போடுவதா என்று மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது, சகோதரி. ஆனாலும் மூப்பர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளியே, வாரமெல்லாம் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த இடம்தான். அதனால் பள்ளிக்கூட வழிமுறை நமக்கு அந்நியமல்ல.

நான் வாரநாட்களில் பள்ளி ஆசிரியை. பாடமெல்லாம் முடிந்தபின் தேர்வு வைத்து எடைபோடுவதைத் தொகுத்தறி மதிப்பீடு என்போம். பாடம் நடக்கும்போதே யார் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்து, அடுத்த வகுப்பை அதற்கேற்ப மாற்றிக்கொள்வது வளரறி மதிப்பீடு. சபைக்கு இரண்டாவது போதும்.

முன்பு என் ஞாயிறு வகுப்புச் சுவரில் நட்சத்திர அட்டை தொங்கியது. ஒரு மனப்பாட வசனத்துக்கு ஒரு நட்சத்திரம். வாசிப்பதற்கே திணறும் ஒரு பையனின் பெயருக்கு நேரே மூன்று மாதமாக ஒன்றே ஒன்றுதான். ஒரு ஞாயிறு, வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்த மகனைப் பற்றி இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையின் ஆறு படங்களைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொன்னேன். தகப்பன் வாசலில் நின்று பார்க்கும் படத்தைக் கடைசிக்கு முந்திய இடத்தில் வைத்தவன், கொஞ்சம் யோசித்துவிட்டு அதை எடுத்து, மகன் வீட்டைவிட்டுப் போகும் படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். “அப்பா அன்னைக்கு மட்டுமா பார்த்தாரு டீச்சர்? இவன் போன நாள்லயிருந்தே பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருப்பாரு” என்றான். மகன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டான் என்று லூக்கா 15-ல் வருகிறதே, அதற்குள் இவ்வளவு தூரம் போயிருக்கிறான். என் அட்டையில் அதற்கு இடமே இல்லை. அன்றே கழற்றிவிட்டேன்.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், பிள்ளைக்கு ஒரு பக்கம். வகுப்பு முடிந்ததும் ஐந்து பேரைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி. மூன்று வாரத்தில் உங்கள் 14 பேரும் வந்துவிடுவார்கள். ‘நல்ல பிள்ளை’, ‘கவனமில்லை’ என்று எழுதாதீர்கள். கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை எழுதுங்கள். ‘யோசேப்பு கதையைத் தானே சொன்னாள், அண்ணன்கள் ஏன் பொறாமைப்பட்டார்கள் என்பது விட்டுப்போனது.’ நாலு பேருக்கு இப்படி விட்டுப்போனால் நான் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். அடுத்த வாரம் அங்கிருந்தே ஆரம்பிப்பேன்.

லூக்கா 2:52 இயேசுவின் வளர்ச்சியை ஞானம், வளர்த்தி, தேவகிருபை, மனுஷர் தயவு என்று நான்காகச் சொல்கிறது. ஒரு பிள்ளை என்ன புரிந்துகொண்டது, பக்கத்தில் இருப்பவரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை நம்மால் பார்க்க முடியும். தேவகிருபையை அளக்க நமக்கு அளவுகோல் கிடையாது. அந்த இடத்தில், அந்தப் பிள்ளைக்காக நான் என்ன ஜெபிக்கிறேன் என்று மட்டும் எழுதுவேன்.

அப்புறம், வருகைப் பதிவேட்டை விட்டுவிடாதீர்கள். இரண்டு ஞாயிறு தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு அந்த வாரமே போன் செய்யுங்கள். அறிக்கை அச்சடித்துக் கொடுக்க வேண்டாம். பெற்றோர் அழைத்துப்போக வரும்போது, அன்று பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். மூப்பரிடமும் அந்த நோட்டில் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டுங்கள்.