அம்மா கேட்ட வாசல்

கேள்வி: வரும் ஜூலையில் என் அம்மாவுக்கு 75 வயது நிறைகிறது. தென்னாப்பிரிக்காவில் நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்து மிட்லண்ட்ஸில் இருக்கும் நாட்டிங்காம் ரோடு ஹோட்டலில் குடும்பத்தோடு இரண்டு இரவு தங்க அறைகள் பதிவு செய்தேன். அங்கே பேய் உண்டு என்று சித்தி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா வர மறுக்கிறார். என் தாத்தா டர்பனில் ஒரு பழைய ஹோட்டலில் 30 வருடம் வெயிட்டராக இருந்தவர். நள்ளிரவில் அங்கே யாரோ தமிழில் கரண்டி எண்ணும் சத்தம் கேட்கும் என்பார். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவர் அம்மா. இப்போதும் ஹோட்டல் என்றாலே, “எந்த வாசல் வழியாக உள்ளே போவோம்?” என்றுதான் கேட்கிறார். அண்ணனோ இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சத்தம் போடுகிறான். நான் என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அன்புச் சகோதரி, பேயைப் பற்றி நிறைய எழுதிவிட்டு வாசலைப் பற்றி ஒரே வரியோடு நிறுத்திவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆனாலும் சித்தி கிளப்பிவிட்ட பேயை முதலில் பார்த்துவிடுவோம்.

நாட்டிங்காம் ரோடு ஹோட்டலின் கதை 1854-இல் தொடங்குகிறது. பக்கத்தில் ஃபோர்ட் நாட்டிங்காம் என்ற கோட்டை. அங்கே முகாமிட்டிருந்த ஆங்கிலேயப் படைப்பிரிவின் பெயர்தான் இந்த வட்டாரத்துக்கே ஒட்டிக்கொண்டது. படைவீரர்களும் வழிப்போக்கர்களும் வந்து போன இடம் என்றால் கதைகளுக்குக் குறைவிருக்காது. அங்கே உலவுவதாகச் சொல்லப்படுபவள் ஷார்லட். காதலித்த சிப்பாய் இறந்த துக்கத்தில் மாடியிலிருந்து குதித்தாள் என்பார்கள் சிலர். பணம் தர மறுத்த ஒருவன் அவளைத் தள்ளிவிட்டான் என்பார்கள் வேறு சிலர். அவள் அறை 10ஆம் எண். இப்போது அவள் செய்வது என்ன? பூக்களை மாற்றி அடுக்குகிறாள், படுக்கையைச் சரிசெய்கிறாள், விளக்கைப் போட்டு அணைக்கிறாள், விருந்தினரின் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து வைக்கிறாள் என்கிறார்கள். அம்மாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள். ஷார்லட்டின் பெயரில் சொல்லப்படுவதெல்லாம் வீட்டு வேலைதான். யாரையும் அடித்தாள், பிடித்தாள் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

சத்தங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மாகாணத்துப் பழைய கட்டடங்கள் பலவற்றுக்குத் தகரக் கூரை, பலகைத் தரை. குளிர்காலமான ஜூலையில் மிட்லண்ட்ஸில் பகல் வெயில் உறைக்கும். இரவில் பனி உறையும். சூட்டில் விரிந்த தகரமும் மரமும் ராத்திரியில் சுருங்கும்போது ஆள் நடப்பது போலவே ஒலிக்கும். பல வருடங்களுக்கு முன் அப்படியொரு விடுதியில் என் தலைக்கு மேல் யாரோ நடந்து போய்த் திரும்பி வருவதை விடியும்வரை கேட்டுக்கொண்டே கிடந்தேன். காலையில் வெளியே வந்து பார்த்தால் அந்தக் கட்டடத்துக்கு மாடியே இல்லை. புது இடத்தில் முதல் இரவு நம் மூளையின் ஒரு பாதி மற்றப் பாதியைவிட விழிப்பாக இருக்கிறது என்று 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆகவே சின்ன ஒலியும் எழுப்பிவிடும்.

உங்கள் அண்ணனிடம் இதை ஆயுதமாகக் கொடுத்துவிடாதீர்கள். நம் முனியும் ஜூலு மக்களின் குட்டிப் பேயான தொக்கலோஷியும் ஒரே தெருவில் குடியிருந்த ஊர் நம்முடையது. அந்தத் தெருவில் வளர்ந்தவரிடம் “மூடநம்பிக்கை” என்று சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார். பயம் மட்டும் உள்ளேயே இருக்கும்.

இனி தாத்தாவின் பேய். எனக்கு ஷார்லட்டைவிட இவர்தான் முக்கியம். இந்த நாட்டின் பழைய ஹோட்டல்களில் பேசப்படும் ஆவிகளை எண்ணிப் பாருங்கள். கரூ வறள்நிலத்தில் மாட்ஜிஸ்ஃபோன்டைன் என்ற சிற்றூரில் ஜேம்ஸ் லோகன் 1899-இல் கட்டிய லார்ட் மில்னர் ஹோட்டல் இருக்கிறது. ஆங்கிலேயருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் நடந்த போயர் போரில் அது இராணுவ மருத்துவமனையானது. அங்கே பணிபுரிந்த கேட் என்ற இளம் செவிலி இன்னும் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருக்கிறாள் என்று கதை. கேட்டுக்குப் பெயர் இருக்கிறது. ஷார்லட்டுக்கு அறை எண்ணே இருக்கிறது. கரண்டி எண்ணுகிறவருக்கு?

1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள். சமையலுக்கும் பரிமாறுவதற்கும் என்றே தனியாக ஆள் எடுத்து ஹோட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும் அனுப்பியதும் உண்டு. அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே வேலையில் தொடர்ந்தார்கள். வெள்ளை உடுப்பு, தலைப்பாகை, இடுப்பில் வண்ணக் கச்சை, கையில் தட்டு. டர்பன் ஹோட்டல்களின் பழைய படங்களில் சுவரோரம் வரிசையாக நிற்பவர்கள் இவர்களே. படத்தின் கீழே பெரும்பாலும் பெயர் இருக்காது.

உங்கள் தாத்தா சொன்ன கதையை நான் இப்படித்தான் பார்க்கிறேன். விருந்து முடிந்துவிட்டது. மேசை விரிப்பு மடித்தாயிற்று. ஒருவர் மட்டும் வெள்ளிக் கரண்டிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போடுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய் முணுமுணுக்கிறது. நாள் முழுவதும் ஆங்கிலத்தில் பதில் சொன்ன வாய், எண்ணும்போது மட்டும் தமிழுக்குத் திரும்பிவிடுகிறது. செத்த பிறகும் ஒருவர் கணக்கை முடிக்காமல் எண்ணிக்கொண்டே இருக்கிறார் என்றால், உயிரோடு இருந்தபோது ஒரு கரண்டி குறைந்தால் என்ன ஆகும் என்று அவர் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்! தாத்தா பிள்ளைகளிடம் தன் வேலையின் பாரத்தை நேராகச் சொல்லியிருக்க மாட்டார். பேய்க்கதையாகச் சொல்லியிருக்கிறார்.

வாசலுக்கு வருகிறேன். இன்ன இனத்தாருக்கு இன்ன இடம் என்று பிரித்து வைத்த பொது வசதிகள் சட்டம் 1953-இல் வந்தது, 1990-இல்தான் நீக்கினார்கள். அம்மாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நாற்பது வயதுவரை அதுதான் சட்டம். அதற்கு முன்பும் வழக்கம் அப்படித்தான். டர்பனுக்கும் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் நடுவிலிருக்கும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர்கள் குடியிருக்கக் கூடாது என்ற தடை 1891 முதல் 1980களின் நடுப்பகுதிவரை நீடித்தது. ஜோஹன்னஸ்பர்க் போகும்போதெல்லாம் என் அப்பா அந்த வழியில் எங்கும் தங்காமல் ராத்திரியோடு ராத்திரியாக வண்டி ஓட்டுவார். ரொட்டியில் சுருட்டிய உருளைக்கிழங்குக் கறியை என் அம்மா பின்னாலிருந்து நீட்டுவார். சாலையோர ஹோட்டல்களின் விளக்கு ஒவ்வொன்றாகக் கடந்து போகும், எங்களில் ஒருவரும் “இங்கே தங்கலாமா?” என்று கேட்டதில்லை.

அதனால் உங்கள் அம்மாவின் கேள்வியை நேரடியாகவே எடுத்துக்கொண்டு நேரடியாகவே பதில் சொல்லுங்கள். “முன்வாசல் வழியாகத்தான் அம்மா. நீங்கள் முதலில், நாங்கள் பின்னால்.” ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டு 10ஆம் எண் அறை வேண்டாம் என்று கேளுங்கள். முடிந்தால் தரைத்தளத்தில், உங்கள் அறையை ஒட்டியே அம்மாவுக்கு வாங்குங்கள். இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள். அதற்கும் முன்னால் ஒரு சனிக்கிழமை அம்மாவை மட்டும் அழைத்துக்கொண்டு பகல் தேநீருக்குப் போய்வாருங்கள். டர்பனிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்கூட இல்லை. உட்கார்ந்த இடத்துக்குத் தட்டு வரட்டும். அதன் பிறகும் வேண்டாம் என்றால் ரத்து செய்துவிட்டு வீட்டிலேயே கொண்டாடுங்கள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாது. அவர் பிறந்த நாள் அது.

வீட்டிலோ ஹோட்டலிலோ, சாப்பாட்டு மேசையில் அந்தக் கரண்டிக் கதையை அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள். அண்ணன் பிள்ளைகள் சுற்றி உட்காரட்டும். உங்கள் போனில் பதிவு செய்யுங்கள்; தமிழும் ஆங்கிலமும் கலந்து அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே. தாத்தாவின் பெயர், அவர் வேலை பார்த்த வருடங்கள், சம்பளம், எந்த பஸ்ஸில் போய்வந்தார் என்பதையெல்லாம் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கூடவே எனக்காக ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். கரண்டி எண்ணுகிறவர் எத்தனை வரை எண்ணுவார்?