கணக்கு வேலையில் இருப்பவர் சைபர் செக்யூரிட்டி - ஐடி இரண்டு வருடப் பட்டப்படிப்பில் சேரலாமா?

"வணிகவியல் படித்தேன், கணக்குப் பிரிவில் வேலை, நிரல் எழுதியதே இல்லை. சைபர் செக்யூரிட்டியும் தகவல் தொழில்நுட்பமும் சேர்ந்த இரண்டு வருடப் பட்டத்தில் சேர்ந்தால் தாக்குப்பிடிக்க முடியுமா? முடித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் சேரலாம். நானும் வேறு துறையிலிருந்து வந்து இப்படியொரு படிப்பை முடித்தவன்தான். இப்போது எஸ்ஓசி என்று சொல்லப்படும் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் வேலை பார்க்கிறேன்.

சேருவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டத்தின் பெயரில் சைபர் செக்யூரிட்டி முன்னால் நிற்கும். ஆனால் படிப்பில் முதலில் வருவதும் வேலையில் தினமும் கை கொடுப்பதும் தகவல் தொழில்நுட்பம் என்கிற இன்னொரு பாதிதான். முதல் வருடம் பெரும்பாலும் நெட்வொர்க், விண்டோஸ், லினக்ஸ், வன்பொருள், டேட்டாபேஸ் என்றே போகும். ஹேக்கிங் பாடம் எப்போது வரும் என்று காத்திருந்து அந்த வருடத்தை ஒப்பேற்றியவர்கள் இரண்டாம் வருடத்தில் திணறியதை நான் பார்த்திருக்கிறேன். நெட்வொர்க்கில் எந்தெந்தக் கணினிகள், வாசல்கள் திறந்திருக்கின்றன என்று தேடும் என்மேப் கருவியை ஓட்ட அவர்களுக்குத் தெரியும், அது திரையில் கொட்டும் விடையைப் படிக்கத் தெரியாது.

சப்நெட் கணக்கையே, அதாவது ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எல்லோரும் அலுத்துக்கொள்ளும் பாடம். 192.168.10.0/26 என்று ஒரு நெட்வொர்க். அதில் 64 முகவரிகள். முதலாவது நெட்வொர்க்குக்கே போய்விடும், கடைசி, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட்டுக்கு. மீதி 62-ஐத்தான் கணினிகளுக்குக் கொடுக்கலாம். அடுத்த நெட்வொர்க் 64-இல் தொடங்கும். சரி, இது எதற்கு? 50-இல் முடியும் முகவரியுள்ள ஒரு கணினி, 70-இல் முடியும் கணினியோடு பேசியிருக்கிறது என்று ஒரு பதிவு வருகிறது. இரண்டும் வெவ்வேறு சப்நெட். அப்படியானால் அந்தப் போக்குவரத்து நடுவில் இருந்து எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று விதிப்படி முடிவு செய்யும் ஃபயர்வாலைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும், அங்கே அதற்குத் தடம் இருக்க வேண்டும். தடம் இல்லையென்றால் யாரோ சப்நெட்டின் எல்லையைச் சொல்லும் சப்நெட் மாஸ்க்கைத் தவறாகப் போட்டிருக்கிறார்கள், அல்லது அந்த விதிக்குப் பதிவு வசதியை இயக்கவில்லை, அல்லது நமக்குத் தெரியாத இன்னொரு வழி திறந்திருக்கிறது. இந்தக் கேள்விகள் தானாக மனதில் எழவேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை கணக்கும் போட வைக்கிறார்கள்.

ஆய்வகத்தில் என்னைக் கட்டிப்போட்டது வயர்ஷார்க். நெட்வொர்க்கில் ஓடும் தகவல் துண்டுகளான பாக்கெட்டுகளைப் பிடித்துப் பிரித்துக் காட்டும் இலவசக் கருவி. இரண்டு மெய்நிகர் கணினிகளுக்கு (ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாக்குபவை) நடுவே, தொலைவிலிருந்து இன்னொரு கணினியை இயக்கும் பழைய வழியான டெல்நெட்டில் இணைப்பு போட்டு, அதை வயர்ஷார்க்கில் பிடித்து, முழு உரையாடலையும் ஒரே ஜன்னலில் திறந்து பார்ப்பது ஒரு பயிற்சி. பயனர் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் இரண்டிரண்டு முறை தெரியும். நாம் தட்டும் எழுத்தை சர்வர் திருப்பி அனுப்புவதால்தான் நம் திரையில் அது தெரிகிறது. அதனால் போனது ஒன்று, வந்தது ஒன்று. கடவுச்சொல்லை மட்டும் சர்வர் திருப்பி அனுப்பாது, ஆகவே அது ஒற்றை எழுத்துகளாக, படிக்க இன்னும் வசதியாக இருக்கும். அதே வேலையை எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான வழியாகச் செய்து பார்த்தால் தொடக்கத்தில் இரு பக்கமும் தங்கள் பதிப்பைச் சொல்லிக்கொள்வது போன்ற சில வரிகள்தான் புரியும், பிறகு எல்லாம் குழம்பிய எழுத்துகள். தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் என்கிரிப்ஷன் ஏன் தேவை என்று பாடப்புத்தகம் பக்கம் பக்கமாகச் சொன்னதை அந்த ஒரு ஜன்னல் எனக்குப் புரிய வைத்தது.

அப்புறம் பதிவுகள், அதாவது லாக். இப்போது என் வேலையே அதில்தான். விண்டோஸில் உள்நுழைவு தோற்றால் 4625 என்ற எண்ணில் பதிவாகும், வெற்றி பெற்றால் 4624. ஒரே பயனர் கணக்குக்கு 4625 வரிசையாக வந்து கடைசியில் ஒரு 4624 வந்தால் யாரோ கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே வந்திருக்கலாம், உடனே கவனிக்க வேண்டும். இதைவிடத் தந்திரமானது ஒன்று உண்டு. பல கணக்குகள், ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு தோல்வி மட்டும், எல்லாம் ஒரே முகவரியிலிருந்து. ஒரு பொதுவான கடவுச்சொல்லை எடுத்துக்கொண்டு எல்லாக் கணக்குகளிலும் போட்டுப் பார்க்கிறார்கள். எந்தக் கணக்கும் பூட்டப்படும் எல்லையைத் தொடாது. தனித்தனியாகப் பார்த்தால் யாரோ கடவுச்சொல்லை மறந்தது போலத்தான் இருக்கும். எல்லாவற்றையும் நேர வரிசையில் அடுக்கினால்தான் உருவம் தெரியும். அடுக்குவதற்கு எல்லாக் கணினிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி பாடத்தை மனப்பாடம் செய்து மறந்துவிடாதீர்கள், அது அங்கே வந்து நிற்கும்.

இரண்டாம் வருடத்தில், உலகில் உண்மையாகவே நடந்த தாக்குதல் சம்பவங்களைப் பிரித்துப் படிப்பீர்கள். கணினிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் கட்டாயம் வரும். அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், வெளியிட்டுவிட்டது. வான்னாக்ரை பரவியது மே 12. நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தும், பேட்ச் போடாத கணினிகள் வழியாக அது நாடு நாடாகப் பாய்ந்தது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அதே ஆண்டு ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. அங்கும் பேட்ச் போடாத மென்பொருள்தான் வாசல். கூடவே, என்கிரிப்ட் ஆன போக்குவரத்தைத் திறந்து சோதிக்க வேண்டிய கருவியில் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்ததால் உள்ளே நடந்தது யார் கண்ணிலும் படவில்லை. சான்றிதழைப் புதுப்பித்த பிறகுதான் சந்தேகத்துக்குரிய போக்குவரத்து தெரிந்தது. பேட்ச் போடுவதும் சான்றிதழ் தேதியைக் கவனிப்பதும் பார்க்கச் சாதாரண ஐடி வேலைகள். அவற்றை ஒழுங்காகச் செய்ய ஆள் இருந்திருந்தால் அத்தனை பேர் பாதிக்கப்பட்டிருக்க மாட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆதங்கமாக இருக்கிறது.

கணக்குப் பிரிவிலிருந்து வருவது குறை என்று நினைக்காதீர்கள். பணம் கேட்டு வவுச்சர் போடுகிறவரே அதற்கு ஒப்புதலும் தரக்கூடாது என்பது உங்களுக்குப் பழகிய விதி. செக்யூரிட்டி பாடத்தில் அதையே பொறுப்புப் பிரிப்பு என்று புதிதாகச் சொல்லித் தருவார்கள். தணிக்கைத் தடம், அனுமதி வரம்பு இதெல்லாம் உங்களுக்கு அன்றாடம். "எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று சப்ளையர் பெயரில் வரும் மெயிலில் என்ன தவறு, அந்த மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு ஏன் போன் செய்ய வேண்டும் என்பதை உங்களைவிட நன்றாக யார் சொல்வார்கள்? இப்படிப்பட்ட மோசடிகள் நிறுவனங்களுக்குப் பெரிய நஷ்டம். கணக்குப் பிரிவின் நடைமுறை தெரிந்த ஒருவர் செக்யூரிட்டி குழுவில் இருப்பது பெரிய பலம்.

நிரல் எழுதத் தெரியாததும் பெரிய தடை இல்லை. லாக் கோப்பைத் திறந்து தோற்ற உள்நுழைவுகளை முகவரி வாரியாக எண்ணும் அளவுக்குப் பைதான் வந்தால் முதல் வருடத்துக்குப் போதும். கணிதத்தில் இரண்டடிமான (பைனரி) எண்கள், பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்கள், கொஞ்சம் வகுமீதிக் கணக்கு. 3, 11 என்ற பகா எண்களை எடுத்துக் காகிதத்திலேயே ஆர்எஸ்ஏ என்ற என்கிரிப்ஷன் முறையைப் போடச் சொல்வார்கள். பொதுச் சாவி 7, ரகசியச் சாவி 3 என்று வைத்தால் 2 என்ற செய்தி (2-இன் 7-ஆம் அடுக்கை 3 × 11 = 33-ஆல் வகுத்த மீதி) 29 ஆகிப் போய், எதிர்முனையில் (29-இன் 3-ஆம் அடுக்கை அதே 33-ஆல் வகுத்த மீதி) மறுபடி 2 ஆகிவிடும். போட்டுப் பாருங்கள், பயம் போய்விடும்.

எழுத்து வேலையைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. சம்பவ அறிக்கை எழுதுவது இந்த வேலையில் பாதி. எத்தனை மணிக்கு எது நடந்தது, எதை வைத்துச் சொல்கிறோம், எது உறுதி, எது ஊகம் என்று தொழில்நுட்பம் தெரியாத மேலாளருக்கும் புரியும்படி எழுத வேண்டும். கல்லூரியில் கேட்கும் ஆய்வக அறிக்கைகளை அக்கறையோடு எழுதி, திருத்தி, சேர்த்து வையுங்கள். நேர்காணலில் அவற்றை எடுத்துக் காட்டலாம்.

வீட்டுப் பயிற்சிக்கு, மெய்நிகர் கணினிகளை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் இலவசம். 16 ஜிபி ரேம் இருந்தால் வசதி, 8 ஜிபியிலும் இரண்டு சிறிய மெய்நிகர் கணினிகளை ஓட்டலாம். வெளி இணையத்தோடு சேராத உள் நெட்வொர்க்கில் வைத்துக்கொண்டு தாக்கிப் பாருங்கள், தடுத்துப் பாருங்கள். அடுத்தவர் கணினியை எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஸ்கேன் செய்து பார்ப்பது வேண்டவே வேண்டாம். பல நாடுகளில் அனுமதியில்லாமல் உள்ளே நுழைய முயல்வதே குற்றம், "கற்றுக்கொள்வதற்காகச் செய்தேன்" என்பது எடுபடாது.

தேர்வெழுதிப் பெறும் சான்றிதழ்களில் முதலில் காம்ப்டியா அமைப்பின் நெட்வொர்க் பிளஸ், பிறகு செக்யூரிட்டி பிளஸ் என்று போவது நல்லது. செக்யூரிட்டி பிளஸ் தேர்வில் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள், 900-க்கு 750 எடுக்க வேண்டும். பாடத்திட்டத்தோடு பெரும்பகுதி ஒத்துப்போகும், ஆகவே அந்தந்தப் பாடம் முடிந்த சூட்டோடு எழுதிவிடுங்கள். அனுபவசாலிகளுக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம், அதற்குப் பொதுவாக ஐந்து வருடப் பணி அனுபவம் கேட்கிறார்கள்.

வேலையைப் பொறுத்தவரை, முடித்தவுடன் ஹெல்ப்டெஸ்க், நெட்வொர்க் சப்போர்ட், எஸ்ஓசியில் கீழ்நிலை அனலிஸ்ட், இவற்றில் ஒன்றில் தொடங்கலாம் என்று எதிர்பாருங்கள். ஹெல்ப்டெஸ்க்கை இளக்காரமாக நினைக்காதீர்கள். மனிதர்கள் எங்கே தடுமாறுகிறார்கள், எந்த மெயிலை நம்பிக் கிளிக் செய்கிறார்கள் என்பது அங்கே தெரிவது போல வேறெங்கும் தெரியாது. எஸ்ஓசி என்றால் பல இடங்களில் இரவு ஷிப்ட் உண்டு, வரும் எச்சரிக்கைகளில் நிறைய பொய் எச்சரிக்கைகளாக இருக்கும். குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள்.

கட்டணம் கட்டுவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். ஓவர்தவயர் தளத்தில் பாண்டிட் என்ற இலவசப் பயிற்சி இருக்கிறது. எஸ்எஸ்எச்சில் நுழைந்து, லினக்ஸ் கட்டளைகளால் அடுத்த நிலைக்கான கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டே போவது. முதல் பத்து நிலைகள் வரை முயன்று பாருங்கள். மாட்டிக்கொண்டு யோசிக்கும் நேரம் உங்களுக்குப் பிடித்திருந்தால் இந்தப் படிப்பும் பிடிக்கும். அடுத்து, கல்லூரிக்கு நேரில் போய் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மாணவர்கள் கையால் செய்கிறார்கள், ஸ்விட்ச், ரவுட்டரைத் தொட விடுகிறார்களா என்று அங்கே படிப்பவர்களிடமே கேளுங்கள். வெறும் ஸ்லைடு போட்டு நடத்தும் இடமென்றால் வேறு கல்லூரி பாருங்கள். இரண்டு வருடப் பட்டங்களில் சில நேராக வேலைக்கென்று அமைந்தவை, சில மேற்கொண்டு இளங்கலையைத் தொடரத் தோதானவை. பிறகு மேலே படிக்கும் எண்ணம் இருந்தால், நீங்கள் போக நினைக்கும் பல்கலைக்கழகம் இந்தப் பாடங்களில் எவற்றை ஏற்றுக்கொள்ளும் என்று அவர்களிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.